சேலையில் சுற்றி வராத துப்பாக்கி

போடிநாயக்கனூர்,
சித்திரை, 1984.

குணமும் குலப்பெருமையும் நிறைந்த மாப்பிள்ளை கோட்டைச்சாமி அவர்களுக்கு, தங்கள் அக்காளைக் கட்டிய ஒரே காரணத்தால் இன்றுவரை தங்களுக்கு மச்சானாக நீடிக்கும் காசிமாயன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். வீடும், ஒன்றிரண்டு ஓட்டைகள் நீங்கலாக, நலம். கடல் தாண்டித் துபாயில் இருக்கும் தங்களுக்கு வீரபாண்டி மாரியம்மா எந்தக் குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்வாளாக.

மரியாதை இத்துடன் போதும் மாப்ளே. நீ செய்த காரியத்துக்கு இவ்வளவு எழுதியதே அதிகம். உன் அக்காள் மொக்கம்மாள் தை மாதம் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து, வலது கையும் வலது காலும் விழுந்து, கட்டிலோடு கிடக்கிறாள் என்று உனக்கு எழுதினவன் நான்தான். அவளுக்கு ஆறுதலாக நாலு வரி எழுதிப் போடு என்றுதான் கேட்டேன். நாலு வரி எழுத உனக்கு நேரமில்லை. கடைக்குப் போகவும், சேலை எடுக்கவும், அதைப் பாலிதீன் பையில் போட்டு ஆள் மூலம் அனுப்பவும் நேரம் இருந்திருக்கிறது. நம்மில் தாலியோடு போகிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கூடப்பிறந்தவன் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள் என்பது உன் ஊர் பொட்டிபுரத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். வாதம் வந்து கிடக்கிற அக்காளுக்குத் தம்பி சேலை அனுப்பலாமா? அதுவும் குங்குமச் சிவப்பில்? துபாய்க் கடையில் வேறு நிறமே இல்லை என்றால் ஒரு தைல பாட்டில் அனுப்பியிருக்கக் கூடாதா?

அனுப்பியதுதான் அனுப்பினாய், யாரிடம் கொடுத்து அனுப்பினாய்? உன்னோடு வேலை பார்க்கிற உன் ஊர்க்காரன் ஒச்சப்பனிடம். பாலைவனத்தில் இருந்து நேரே வந்து இறங்கிய அந்த மகராசன், கையைக் காலைக் கழுவாமல் உள்ளே வந்து, "அக்கா, கோட்டைச்சாமி ஒனக்குச் சேலை குடுத்து விட்டிருக்கான்க்கா, ஜப்பான் நைலக்ஸு, எம்புட்டு நைசா இருக்கு பாரு" என்று சொல்லி, பிரித்து, விரித்து, காட்டுவதற்கு வேறு இடம் கிடைக்காமல் படுத்திருந்தவள் மேலேயே போர்த்திவிட்டான். தலையிலிருந்து கால் வரைக்கும் போர்த்திவிட்டு, நிறம் எடுப்பாக இருக்கிறதா என்று தள்ளி நின்றும் பார்த்தான். அந்த நேரம் பார்த்து, அடுத்த வீட்டுப் பங்காளி பெண்டாட்டி கருத்தம்மாள் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு நோயாளியைப் பார்க்க வந்து நிலைப்படியில் கால் வைத்தாள். அவள் கண்ணில் பட்டது பொட்டிபுரத்து ஆள், சிவப்புச் சேலை, போர்த்திய உடம்பு. அவ்வளவுதான். ஆர்லிக்ஸைக் கீழே வைத்துவிட்டு, "என்னப் பெத்த மகளே, ஏலக்காப் பூவே, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு எடுத்தாள் பார் ஒரு ஒப்பாரி, தெருவே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டது. சேலைக்குள்ளிருந்து உன் அக்காள் இடது கையால் துணியை விலக்கி முகத்தைக் காட்டியதும் கருத்தம்மாளுக்கு மயக்கமே வந்துவிட்டது. அவளுக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பியதும் நான்தான். அவளுக்கு அந்த ஆர்லிக்ஸையே கரைத்துக் கொடுத்தோம்.

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். உன் அக்காள் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஞ்சியைக் கொண்டுபோனேன், வாயைத் திறக்கவில்லை. மாத்திரை கொடுத்தேன், துப்பிவிட்டாள். "ஏன்டி?" என்றால், கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "எந் தம்பி கோடி போட்டுட்டான். இனி எதுக்குக் கஞ்சி?" தேனி டாக்டர் வந்து பார்த்தார். உடம்பில் புதிதாக ஒன்றுமில்லை, மனது விட்டுவிட்டது, இப்படியே சாப்பிடாமல் கிடந்தால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். பிள்ளை குட்டி இல்லாத வீடு மாப்ளே. இத்தனை வருஷமும் நானும் அவளும் மாற்றி மாற்றிச் சண்டை போட்டுத்தான் இந்த வீட்டில் சத்தம் இருந்தது. அவள் பேச்சை நிறுத்தியதும் கடிகாரம் ஓடுவது கேட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்தப் பயத்தில்தான் வாயில் வந்ததைச் சொன்னேன். "அது கோடி இல்லடி கிறுக்கி. சேலைய அவன் ஒனக்கு அனுப்பவே இல்ல. உள்ள ஒரு சாமான் இருந்துச்சு, அதச் சுத்தி விட்ட துணிடி அது" என்றேன். திரும்பிப் பார்த்தாள். "என்ன சாமான்?" என்றாள். தங்கம் என்று சொன்னால் எங்கே என்பாள். ரேடியோ என்றால் வீட்டில் ஏற்கெனவே ஒன்று கரகரத்துக்கொண்டிருக்கிறது. கட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த அவள் இடது கையைப் பார்த்தேன். சாப்பிடுவதற்கு வலக்கை, கவண் சுற்றுவதற்கு இடக்கை என்று உங்கள் சோளக்காட்டில் பரண் மேல் நின்று கிளி விரட்டிய கை. பெண் பார்க்க வந்த அன்று என் தலைப்பாகையைத் தட்டிவிட்ட கல்லும் அந்தக் கையிலிருந்து வந்ததுதான் என்று இன்றுவரை நம்புகிறேன். அந்தக் கையைப் பார்த்ததும், "துப்பாக்கி" என்று சொல்லிவிட்டேன்.

"துப்பாக்கியா? எனக்கா?" என்றாள். "வெளாட்டுத் துப்பாக்கிடி. வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே குறி பாத்துச் சுடுறது. வெடி மருந்து கெடையாது, காத்துல சுடும். கவண் சுத்துன கையி சும்மா கெடக்கேன்னு ஒந் தம்பி நெனச்சு நெனச்சு வாங்கியிருக்கான். பம்பாய்ல கஸ்டம்ஸ்காரன் துப்பாக்கிய எடுத்து வச்சுக்கிட்டுத் துணிய மட்டும் விட்டுட்டான்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு சொல்ல வேண்டிய பொய்களுக்கு யாரும் கணக்குச் சொல்லி வைக்கவில்லை.  அவள், "அது வரட்டும். வந்தா நம்புறேன். வராட்டிச் சேலைதான் நெசம்" என்று சொல்லிவிட்டு மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். அதுவரைக்கும் பேருக்கு ரெண்டு மடக்கு நீராகாரம், அவ்வளவுதான்.

சாட்சிக்கு ஒச்சப்பனைக் கூப்பிட்டு வந்தேன். வழியெல்லாம் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்தேன். அவன் கட்டிலுக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஆமாக்கா, துப்பாக்கி இருந்துச்சு, நான் பாக்கல" என்றான். இருந்ததா, பார்க்கவில்லையா, எதையாவது ஒன்றைச் சொல்லித் தொலையடா என்று தொடையில் கிள்ளினேன். "மச்சான் கிள்ளுறாருக்கா" என்றான். உன்னோடு வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் இப்படித்தானா?

இனித் துப்பாக்கி வாங்காமல் தீராது என்று காலை ரயிலில் மதுரைக்குப் போனேன். அறுபது வயதில், கொசுவத்திச் சுருளைத் தவிர வேறு ஆயுதம் எதையும் தேர்ந்தெடுத்து வாங்காத நான், துப்பாக்கிக் கடையில் நின்றேன். வீட்டுக்குள் வைத்துச் சுடுவதற்குக் காற்றுத் துப்பாக்கி, கைக்கு அடக்கமானதாக வேண்டும் என்றேன். கடைக்காரர் கனிவாக, "யாருக்குங்க?" என்றார். "சம்சாரத்துக்கு" என்றேன். எடுத்து வைத்ததைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். சுடப்போவது நான் இல்லை, அவள்தான் என்று விளக்கினேன். அப்படியானால் வீட்டுக்காரர் நீங்கள் யோசித்து வாங்குவதுதான் நல்லது என்று சொல்லி இன்னும் கவலையோடு என்னைப் பார்த்தார். பிறகு முழுக்கதையையும் சொன்னேன். மனிதர் நல்லவர், நாற்காலி போட்டுப் பாடமே நடத்திவிட்டார். ஒரு ஜாதி ஸ்பிரிங் வைத்தது. ஒவ்வொரு தடவையும் குழாயைப் பிடித்து மடக்கித்தான் சுட வேண்டும். இன்னொரு ஜாதி சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல் அடித்து அடித்துச் சுடுவது. மூன்றாவது கேஸ் துப்பாக்கி. கைப்பிடிக்குள்ளே கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்புக் குப்பியைப் போட்டுத் திருகிவிட்டால் அதில் அடைத்திருக்கிற கேஸ் தீரும் வரைக்கும் விரலை அமுக்கினால் போதும், வலு வேண்டாம், இரண்டாவது கை வேண்டாம். "ஒத்தக் கைக்கு கேஸுதாங்க. ஆனா அது இங்க கெடைக்காது, வெளிநாட்டுச் சரக்கு" என்றார். ஸ்பிரிங் துப்பாக்கியை எதற்கும் நானே மடக்கிப் பார்க்கிறேன் என்று வாங்கி மடக்கினேன். அது என்னைவிட வேகமாகத் திரும்பி நிமிர்ந்தது. கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. நல்ல இரண்டு கை உள்ள எனக்கே இந்தக் கதி என்றால் அவள் என்ன செய்வாள்?

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கிறவன் ஒருவன் இருந்தான். கேஸ் துப்பாக்கி இருக்கிறதா என்றேன். "இருக்கு அண்ணாச்சி, கேஸுதான், அமுக்குனா போதும், பொம்பளையாளு கூட அமுக்கலாம்" என்று காதோடு சொல்லிக் காகிதத்தில் பொதிந்து கொடுத்தான். அங்கே பிரித்துப் பார்த்தால் போலீஸ் பிடிக்கும் என்றும் சொன்னான். உசிலம்பட்டி தாண்டிய பிறகு மனது கேட்காமல் ரயிலிலேயே பிரித்து, ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்து அமுக்கினேன். முனையில் சின்னதாக ஒரு தீ எரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் பீடியோடு குனிந்து, "அப்படியே பிடிங்கண்ணே, காத்துல அணைஞ்சிரும்" என்றார். ஆண்டிபட்டி வருவதற்குள் அந்தப் பெட்டியில் பாதிப் பேருக்குப் பற்றவைத்துக் கொடுத்தேன். தேனியில் இறங்கியவர்கள் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள்.

வீட்டுக்கு வந்தால் அவள் உதடு வெடித்துக் கிடக்கிறது. "வந்துருச்சா?" என்றாள். "பம்பாய்ல இருந்து கெளம்பிருச்சாம்" என்றேன். அன்றைக்கு நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன். அவள் போய்விடுவாளோ என்று நினைக்கும்போது எனக்கு முதலில் வந்தது துக்கம்கூட இல்லை மாப்ளே, கோபம். என்னைக் கேட்காமல் ஒரு தீப்பெட்டி வாங்கமாட்டாள், இதை மட்டும் தானாக முடிவு பண்ணுகிறாளே என்று.

போடிமெட்டில் நம் ஏலக்காட்டுக்கு மேல்புறம் உள்ள எஸ்டேட் மேனேஜர் குரியன் சாரைப் பற்றிப் பிறகுதான் ஞாபகம் வந்தது. சாயங்காலங்களில் பங்களாவில் தகர டப்பாக்களை அடுக்கி வைத்து எதையோ டிக் டிக் என்று சுட்டுக்கொண்டிருப்பார் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். வேலையாட்களை ஏற்றிப் போகிற ஜீப்பில் பின்னால் தொற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மனிதர் வேலையை விட்டுக் கோட்டயத்துக்குப் போவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் ஒரு பெட்டியை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போனதாம். கறுப்பாக, அடக்கமாக, உன் அக்காள் இடது கைக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது. கடைக்காரர் சொன்ன பாடத்தை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். கனம் இல்லை. தவறி அமுங்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. குண்டு சின்ன ஈயக் குண்டு, உடுக்கை மாதிரி இடை சிறுத்தது. சத்தம் எப்படி, நோயாளி நெஞ்சு அதிருமா என்று கேட்டேன். வெளியே கொண்டுபோய்ச் சுட்டுக் காட்டினார். பனி இறங்கி எதிரே நிற்கிறவன் மூஞ்சி தெரியாத நேரம். 'ப்சுக்' என்று ஒரு சத்தம். குண்டு போய் டப்பாவைத் தொட்டுவிட்டுக் கீழே விழுந்தது. இவ்வளவு சாதுவான துப்பாக்கி உலகத்திலேயே இருக்காது, வீட்டுக்குள் சுடுவதற்கு இதுதான் என்று முடிவு பண்ணிவிட்டேன். விலை கேட்டால் தலையை ஆட்டினார். "என் அன்னம்மா போன பின்னே ஞான் இதைத் தொட்டிட்டில்லா. நிங்கள் கொண்டுபோ. சேச்சி எழுந்நேற்றால் ஒரு கார்டு எழுது, அது போதும்" என்றார். அன்னம்மா அவருடைய இறந்துபோன சம்சாரம். துப்பாக்கியை அதன் பெட்டியில் வைத்து, மீதமிருந்த கேஸ் குப்பிகளையும் ஒரு சிகரெட் டின்னில் போட்டுக் கொடுத்தார்.

மாப்ளே, குளிரில் அந்தக் கேஸ் சுருண்டு படுத்துக்கொள்ளும், வெயிலில் சீறி எழும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. குரியன் சாருக்கும் தெரியாது. அவர் அதை ஒருநாளும் மலையை விட்டுக் கீழே இறக்கியதில்லை. மேலே நிறுத்த ஏலக்காய் மூட்டை கீழே போடிக்கு வந்ததும் எடை வேறு காட்டும் என்பது வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட எனக்குத் தெரியும். துப்பாக்கிக்கும் அதே நியாயம்தான் என்று புத்தியில் உறைக்கவில்லை. பனியில் தேர்ந்தெடுத்ததைச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தேன்.

அவள் கண்ணெதிரே பெட்டியைத் திறந்து, பிஸ்கட் டின் ஒன்றைப் பீரோ மேல் வைத்து, "பாத்தியா, கஸ்டம்ஸ்காரன் குடுத்துட்டான், ஒந் தம்பி அனுப்புனது" என்று சொல்லி, குழந்தை விளையாட்டு மாதிரி அலட்சியமாக அமுக்கினேன். பட்டென்று ஒரு சத்தம். டின்னில் முன்னால் ஓர் ஓட்டை, பின்னால் ஓர் ஓட்டை. அதற்கும் பின்னால், சுவரில் சந்தன மாலையோடு இருந்த என் அம்மாவின் படத்தில், கண்ணாடி சிதறி, மூக்குத்தி இருந்த இடத்தில் ஈயக் குண்டு. நான் துப்பாக்கியோடு சிலையாக நின்றேன். கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சுத் திணறுகிறது என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பாதி வாயால்தான் சிரிக்க முடிகிறது, மீதிப் பாதி கூட வரவில்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். "ஒங்காத்தா உசுரோட இருந்தப்ப ஒரு சொல்லு எதுத்துப் பேசல. செத்தப் பெறகு மூஞ்சியப் பாத்துச் சுடுறீகளே" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "கஞ்சி கொண்டாங்க" என்றாள். அடுப்படியில் கஞ்சியை ஆற்றும்போது நான் அழுதேன். அம்மா மன்னிப்பாள். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அன்றிலிருந்து நம் வீட்டில் நடப்பதை நீ வந்து பார்த்தால்தான் நம்புவாய், ஆனால் நீ வரக் கூடாது, அதைக் கடைசியில் சொல்கிறேன். எதிர்ச் சுவரில் ஏலக்காய்ச் சாக்கை நாலு மடிப்பாக நனைத்துத் தொங்கவிட்டேன், குண்டு தெறிக்காமல் இருக்க. அதன் மேல் காகிதத்தில் வட்டம் வட்டமாக வரைந்து ஒட்டினேன். பார்த்துவிட்டு, "வட்டம் என்ன பாவம் பண்ணுச்சு? அதப் போயி எதுக்குச் சுடணும்?" என்று கேட்டாள். ஒரு ஏலக்காய் வியாபாரி தன் படம் போட்டுக் கொடுத்த காலண்டரைக் கொண்டுவரச் சொன்னாள். அவருடைய சிரித்த முகத்தில் இப்போது சல்லடை போட்டு மாவு சலிக்கலாம். பிறகு பாட்டில் வேண்டும் என்றாள். மருந்து குடித்து முடித்த பாட்டில்தான் குறி, மருந்து மிச்சம் உள்ள பாட்டிலைச் சுடக் கூடாது என்று நான் ஒரு சட்டம் போட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நான் கண் அயர்ந்த நேரத்தில் ஒரு மாதத்து டானிக்கை ஒரே மூச்சாகக் குடித்துவிட்டு, "பாட்டிலு காலி, வையிங்க" என்றாள். அதற்குப் பிறகு வயிறு பட்ட பாட்டை எழுத இது இடமில்லை.

கருத்தம்மாள் ஒருநாள் தைரியமாக மறுபடி வந்தாள். தலையணையில் கையை ஊன்றித் துப்பாக்கியோடு சாய்ந்திருந்த உன் அக்காள், "வாக்கா. அன்னைக்குப் பாதியில விட்டியே ஒப்பாரி, அத முழுசாப் பாடு கேப்போம்" என்றாள். கருத்தம்மாள் போன வேகத்தில் ஒற்றைச் செருப்பு நம் வாசலில் கிடந்தது. அதையும் குறிக்கு வை என்கிறாள். நோயாளி எப்போது போவாள் என்று பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வருகிற கூட்டம் அடியோடு நின்றுவிட்டது. ஆரஞ்சும் நின்றுவிட்டது. இடது கை நன்றாகத் தேறியிருக்கிறது. தானே கரண்டி பிடிக்கிறாள், தலை வாருகிறாள். தேனி டாக்டர் வந்து இது எந்த வைத்தியம் என்று கேட்டார். காட்டினேன். அவர் துப்பாக்கிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்றே நாடி பார்த்தார். வெளியே வந்து, வாசலில் என்னிடம் மட்டும் சொன்னார்: தேறியது கைதான், ரத்த ஓட்டம் தேறவில்லை, இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டாள். நான் தலையை ஆட்டினேன். உள்ளே டிக் என்று ஒரு பாட்டில் உடைந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேஸ் குப்பி தீரப் போகிறது. எஸ்டேட் பங்களாக்களில் வீட்டிலேயே சோடா போடுகிற கூஜாவுக்கு இதே மாதிரிக் குப்பி உண்டு என்று கேள்விப்பட்டு, வாங்கிவந்து போட்டுத் திருகினேன். அது குட்டை. பாதி வழியில் சீறிக்கொண்டு வெளியே வந்து என் உள்ளங்கையைப் பனிக்கட்டியாக்கிவிட்டது. கை முழுக்கக் கொப்புளம். ஆகவே அங்கே கடையில் விசாரித்து, துப்பாக்கிக்கென்றே செய்த நீளக் குப்பியாகப் பார்த்து அனுப்பு. துணியில் சுற்றாதே. காகிதத்தில் சுற்று. அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அக்கா, துப்பாக்கி வந்ததா, கஸ்டம்ஸில் இருந்து விட்டுவிட்டார்களா, நான் ஒரு பழைய துணியைச் சுற்றி அனுப்பினேனே, அதை அடுப்படிக்கு வைத்துக்கொள் என்று நீயாகக் கேட்பதுபோல் எழுது. சேலை என்ற சொல்லே வரக் கூடாது. இந்தக் கடிதம் வந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே. முக்கியமாக, லீவு போட்டுவிட்டு ஓடி வராதே. தம்பி திடீரென்று வந்து நின்றால் கடைசியாகப் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துவிடுவாள். இவ்வளவு கஷ்டப்பட்டு நான் கட்டிய பொய் ஒரே நிமிஷத்தில் இடிந்துவிடும். அவள் இந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறாள். நானும்தான்.

வேறு விசேஷம் இல்லை. மழை இல்லை, காய் இல்லை. நீ போகிற இடமெல்லாம் உன் சொல் அம்பலம் ஏற வேண்டும், கை நிறையவும் வயிறு நிறையவும் உனக்குக் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று நானும் உன் அக்காளும் ஒன்றாக நின்று, அவள் கிடந்தபடி, வாழ்த்துகிறோம்.

அன்பும் கொஞ்சம் கோபமும் உள்ள மச்சான்,
காசிமாயன்.

பி.கு.: மேலே எழுதியதில் உன் நலம் விசாரித்ததைத் தவிர வேறு எதையும் எடுத்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை நேற்று மடித்து ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே துப்பாக்கி கீழே விழும் சத்தம் கேட்டது. ஓடினேன். இடது கை விரலில் பிடி இல்லை. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி நழுவியது. மூன்றாவது தடவை அவளே வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டாள். டாக்டர் வந்துவிட்டுப் போனார். எதுவும் சொல்லவில்லை, பில்லும் கொடுக்கவில்லை. எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிற என் பழக்கம் உனக்குத் தெரியும். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கண்ணை மூடி இந்தக் கடிதம் முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள். "அத ஒட்டாதீக" என்றாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். துபாய்ல இருந்து வந்த துப்பாக்கிப் பெட்டியில பச்ச ஏலக்கா வாசம் எப்பிடி அடிக்கும்? மலையில இருந்துதான் வந்துச்சுன்னு பெட்டியத் தெறந்ததுமே தெரியும்" என்றாள். அப்புறம் ஏன் கஞ்சி குடித்தாய் என்று கேட்டேன். "பொய்யே வராத மனுசன், கையி வெரலெல்லாம் கன்னிப்போயி வந்து நின்னு, இம்புட்டுப் பொய்யி சொல்றீக. நான் போயிட்டா யாருகிட்டச் சொல்லுவீகன்னுதான் குடிச்சேன். துப்பாக்கிக்கா குடிச்சேன்?" என்றாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குப்பி அனுப்ப வேண்டாம் மாப்ளே. பொய்க் கடிதமும் வேண்டாம். கிடைக்கிற முதல் விமானத்தில் ஏறு. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதுவும் அவள் கேட்க வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுகிறேன்: "தம்பிய வரச் சொல்லுங்க. வர்றப்ப இன்னொரு சேலை கொண்டாரட்டும், தப்பில்ல. ஆனா, நானே கண்ணு முழிச்சு, 'இந்தக் கலரு ஏன்டா எடுத்த'ன்னு அவன வையிற மாதிரி, வெரசா வரச் சொல்லுங்க."